ஐஸ் ஏற்றாத வண்டி

காலாண்டுப் பரீட்சை முடிய இன்னும் நான்கு நாள்.
தண்டையார்பேட்டை வீட்டில் பாயை விரித்து
ஆகஸ்ட் மாதத்தைக் கிழித்துக் குப்புறப் போட்டோம்.
தாளின் முதுகு வெள்ளை.
கிஷோர் ஒரு கோடு இழுத்தான், கொஞ்சம் வளைவாக.
"இது கடல். இந்தப் பக்கம் நாம."

எதிர்வீட்டு ரெபேக்கா எட்டிப் பார்த்தாள்:
"காசிமேட்டுல இல்லாத கடலா? காச கரியாக்கப் போறீங்க."

இவருக்குத் தெரியாத சாலை கிடையாது.
இருபத்திரண்டு வருஷம் மீன்வண்டி.
நாகப்பட்டினத்தில் பொழுது சாய ஏற்றினால்
இங்கே ஏலம் கூவுவதற்குள் இறக்கியாக வேண்டும்.
பையனிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார்.

சீர்காழியில் ஒரு டீக்கடை,
சர்க்கரை ரெண்டு பங்கு போடுவான், தூக்கம் ஓடிப்போகும்.
கடலூர்ப் பாலத்துக்கு முன்னால் பஞ்சர் கடை,
ராத்திரி எந்நேரமும் ஆள் உண்டு.
மரக்காணம் தாண்டினால் ஒரு வளைவு. நாய் வரும்.

"அங்கேருந்து கடல் தெரியுமா?" என்றாள் யுவராணி.
பென்சில் நின்றது.
"வாசன வரும்."

தரங்கம்பாடியில் கோட்டை இருக்கிறதாமே?
"போர்டு பாத்துக்கீறேன். லைட்டு பட்டா மின்னும்."
மரக்காணத்தில் உப்பளம்?
"ரெண்டு பக்கமும் வெள்ளையா ஏதோ கீது.
பனின்னு நெனச்சேன்."
பிச்சாவரத்தில் படகு?
"அது எங்க கீது?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.
ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது
எவன் இறங்கி நின்று எதைப் பார்ப்பான்?
பெட்டிகளிலிருந்து சொட்டும் தண்ணீர்
அத்தனை ஊரிலும் இவர் பின்னாலேயே வந்திருக்கிறது,
நிக்காதே நிக்காதே என்று.

அப்புறம் கணக்கு.
ஆம்னி என் தம்பி ஆனந்தவேலுவுடையது, எங்கள் தெருவில்தான் நிற்கும்.
பெட்ரோல் நம்முடையது, டோல் நம்முடையது,
கீறல் விழுந்தால் அதுவும் நம்முடையது.
சீட்டுப் பணத்தில் ஒன்பதாயிரம் எடுத்து வைத்தேன்.
இன்னொரு ஆயிரத்தைந்நூறு இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.
அது வழியில் கண்ணில் படுவதற்கு.

இவர் எழுதினார்: இரவு 10, கிளம்பு. காலை 4, நாகை.
"ட்ராபிக்கே இருக்காது."
"அப்ப நாங்க இன்னாத்த பாக்கறது?" என்றான் கிஷோர்.

"நான் ஓட்டறேன்பா. பகல்ல."

ஆடியில்தான் லைசென்ஸ் வந்தது அவளுக்கு.
ஆனால் பழகியது எண்ணூர் நெடுஞ்சாலையில்,
முன்னால் ஒரு கண்டெய்னர் பின்னால் ஒரு கண்டெய்னர்,
நடுவில் தீப்பெட்டி மாதிரி இவள்.
அவளுக்கு மரக்காணத்து நாய் ஒரு பொருட்டா?

இவர் பதில் பேசவில்லை.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.
வந்து, ரப்பரைத் தேடி, பத்தை அழித்தார்.
காலை 6.
அழுத்தி அழித்ததில் தாள் லேசாகக் கிழிந்தது,
ஏறக்குறைய மகாபலிபுரம் இருக்கும் இடத்தில்.
பக்கத்தில் சின்னதாக எழுதினார்:
கல்மண்டபம் தாண்டவே அரை மணி.

நடுராத்திரியில் விழித்தபோது பாயில் ஆள் இல்லை.
தெருவில் ஆம்னி. கதவு திறந்து கிடந்தது.
உள்ளே, இடது பக்க சீட்டில், இவர்.
பெல்ட்டுகூடப் போட்டிருந்தார்.
வலது கால் எதையோ தேடி மிதியடியை மிதித்தது,
விட்டது, திரும்பவும் மிதித்தது.

"இன்னா பண்றீங்க இங்க?"

கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு
முழங்கையை வெளியே வைத்துப் பார்த்தார்.
"போவசொல்ல இந்தப் பக்கம்தான கடலு?"

பின்கதவைத் தள்ளி நானும் ஏறி உட்கார்ந்தேன்.
நாகையிலிருந்து முதல் வண்டி வந்துவிட்டது போல,
காசிமேட்டுப் பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
இவர் திரும்பவில்லை.